கண்ணை அசைத்தால் மனக்காயம் ஆறுமா? இஎம்டிஆர் சிகிச்சை எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்

தாமிரபரணி:

எல்லோருக்கும் வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்துவிட்டு இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022-ல் நானும் அக்காவும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு இரவு பஸ்ஸில் போனோம். உளுந்தூர்பேட்டை தாண்டி, ரோட்டோரம் விளக்கு இல்லாமல் நின்ற லாரியின் பின்னால் பஸ் மோதியது. இடது பக்கம்தான் நொறுங்கியது. ஜன்னல் சீட்டில் அக்கா. எனக்குத் தோள்பட்டையில் முறிவோடு போயிற்று, அக்கா அங்கேயே போய்விட்டாள். அந்த ஜன்னல் சீட் என் பெயரில் எடுத்தது. ராத்திரிக் காற்று எனக்கு ஆகாது, நீ உள்ளே போ என்று மாற்றி உட்காரச் சொன்னதே நான்தான்.

மூன்று வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் பஸ் நிற்கும்போது ஏர் பிரேக் 'புஸ்ஸ்' என்று விடுமே, அந்தச் சத்தம் கேட்டால் என் கால் மரத்துப்போகிறது. அதைவிடக் கஷ்டம் எலுமிச்சம்பழம். அக்காவுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும், எப்போதும் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே வருவாள். அன்றைக்கும் கையில் வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் இப்போது எலுமிச்சம்பழமே வாங்குவதில்லை. ரசத்துக்குக்கூட புளிதான். போன மாதம் ஒரு கல்யாண வீட்டு வாசலில் வரவேற்பில் ஒரு பழத்தைக் கையில் கொடுத்தார்கள், அப்படியே உட்கார்ந்துவிட்டேன், என்னை நாற்காலியோடு தூக்கிப் போக வேண்டியதாயிற்று.

முதலில் பார்த்த கவுன்சலர் 'நடந்ததை மறந்துட்டு குழந்தையைப் பாருங்க' என்றார். அதற்கு மேல் அங்கே போகவில்லை. இப்போது பார்க்கும் சைக்கியாட்ரிஸ்ட் நல்லவர், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், கூடவே இஎம்டிஆர் என்ற சிகிச்சைக்கு ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் போகச் சொல்கிறார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுவார்களாம், நாம் கண்ணால் பின்தொடர வேண்டுமாம். என் கணவர், விரலை ஆட்டினால் சரியாகிவிடுமா, ஹிப்னாடிசம் மாதிரி இருக்கிறதே என்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. நடந்ததை ஆரம்பத்திலிருந்து ஒரு அந்நியரிடம் சொல்லவும் என்னால் முடியாது.

ஆனால் உண்மையான பயம் வேறு. அந்த நினைவு மங்கிவிடும் என்கிறார் டாக்டர். அது மங்கினால் அக்காவும் மங்கிவிடுவாளா? அவளோடு இருந்த கடைசி ராத்திரி அது. அதைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

பனங்கூடல்:

தங்கச்சி, உங்கள் கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்து எழுதுகிறேன். நான் இருப்பது ஸ்காபரோவில். ஊர் பரந்தன் பக்கம். 2009-ல் முள்ளிவாய்க்காலில் என் தம்பியை இழந்தேன். தண்ணி எடுத்து வாறன் எண்டு பங்கருக்கு வெளியே போனவன். நான்தான் போத்தலைக் கையில் கொடுத்தேன். ஆகவே அந்த 'நான்தான்' என்ற சொல் எனக்குத் தெரியும்.

கனடாவுக்கு வந்து எத்தனையோ வருஷம், கனடா தினமான ஜூலை 1 அன்று வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். பிள்ளைகளுக்கு அம்மாவுக்குத் தலையிடி எண்டு சொல்லுவேன். கடைசியில் குடும்ப டொக்டர் அனுப்பித்தான் இஎம்டிஆருக்குப் போனேன்.

ஹிப்னாடிசம் இல்லை. முழு நினைவோடுதான் இருப்பீர்கள், வெளியே ஸ்ட்ரீட்காரின் சத்தம்கூடக் கேட்கும். எந்த நேரமும் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சைகையை முதல் நாளே பழக்கினார்கள். எனக்கு விரலைப் பார்க்கத் தலை சுற்றியது. அதனால் இரண்டு கையிலும் சின்ன உருண்டை மாதிரி ஒன்றைத் தந்தார்கள், இடது வலது என்று மாறி மாறி அதிரும். அதுவும் அதே முறைதான் என்றார்கள்.

நடந்ததை ஒரு அந்நியரிடம் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தீர்கள். என் தெரபிஸ்ட் வெள்ளைக்காரப் பெண், எனக்கு ஆங்கிலத்தில் சாவைப் பற்றிக் கதைக்க வராது. அவர், நீங்கள் தமிழிலேயே நினையுங்கள், எனக்கு எல்லாம் சொல்லத் தேவையில்லை என்றார். எது ஆகக் கொடுமையான காட்சி, அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறீர்கள், உடம்பில் எங்கே தெரிகிறது, 0-லிருந்து 10 வரை எவ்வளவு வேதனை, அவ்வளவுதான் கேட்டார். என் காட்சி, நீலப் போத்தல் மண்ணில் உருண்டு கிடந்தது. வசனம், 'நான் போக விட்டிட்டன்.' நெஞ்சில் கல்லு. இலக்கம் 10. அரை நிமிஷம் அளவுக்கு உருண்டை அதிரும், நிற்கும், 'இப்ப என்ன வருது?' என்று கேட்பார். ஒரு சொல்லில் சொன்னால் போதும். 'சரி, அதோடயே போங்கோ' என்பார். திரும்ப அதிரும். அவ்வளவு எளிமையான விஷயத்தில் எனக்கு என்னென்னவோ வந்தது, தம்பி இடுப்பில் கட்டுகிற சாரம், பங்கருக்குள் இருந்த மணம், யாரோ ஒரு கிழவி தேவாரம் பாடிக்கொண்டிருந்தது. அந்தக் கிழவியை நான் மறந்தே போயிருந்தேன்.

எனக்கு நிறைய நாள் எடுத்தது, ஏனென்றால் எனக்கு ஒரு சம்பவம் இல்லை, வருஷக்கணக்கான யுத்தம். முதல் இரண்டு மாதம் அந்தக் காட்சியைத் தொடவே இல்லை, மூச்சு, மனதுக்குள் ஒரு பாதுகாப்பான இடம் என்று பழக்கியதுதான். அதற்குப் பிறகு 14 தடவை போனேன். சில நாள் வீட்டுக்கு வந்து அப்படியே படுத்துவிடுவேன், கனவு கூடும். அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வாறேன். எனக்கும் அதே பயம் இருந்தது. தம்பியை விட்டுக்கொடுக்கிறேனோ என்று. நடந்தது என்ன தெரியுமா, முன்பு தம்பி என்று நினைத்தால் போத்தல் மட்டும்தான் வரும். 19 வருஷம் உயிரோடு இருந்தவன், எனக்கு ஒரே ஒரு நிமிஷமாகத்தான் இருந்தான். ஏழாவது எட்டாவது தடவை இருக்கும், உருண்டை அதிர்ந்துகொண்டிருக்க, அவன் அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு, குரங்குப் பெடல் போட்டு வயல் ரோட்டில் போகிறது தெரிந்தது. செயின் கவருக்குள் சாரம் சிக்கி விழுந்து, என்னைப் பார்த்துச் சிரிச்சான். அதை நான் பத்து வருஷமாக நினைத்ததே இல்லை. போத்தல் இப்பவும் தெரியும் தங்கச்சி, அழிந்து போகவில்லை. தள்ளி நிற்குது. தம்பி முன்னுக்கு வந்திட்டான்.

கோவை_சைக்காலஜிஸ்ட்:

தாமிரபரணி, உங்கள் இழப்புக்கு முதலில் என் வருத்தம். பனங்கூடல் அக்கா எழுதியதற்கு மேல் அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இஎம்டிஆர் செய்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதைத் தொடங்கியவர் பிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்கப் பெண்மணி. 1987-ல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்கள் திடீரென்று வலு இழந்ததைக் கவனித்திருக்கிறார், அந்த நேரம் தன் கண்கள் வேகமாக இப்படியும் அப்படியும் ஓடியதையும் கவனித்திருக்கிறார். நண்பர்களிடம் செய்து பார்த்து, அப்புறம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் என்று 22 பேரிடம் சோதித்து 1989-ல் வெளியிட்டார். பிறகு அது எட்டுக் கட்டங்கள் உள்ள முழுச் சிகிச்சையாக வளர்ந்தது. விரலை ஆட்டுவது அதில் ஒரு பகுதிதான். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வெறும் விரல் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம் இது. ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போது அதை மனதின் ஒரு சின்ன மேசையில் விரித்து வைக்கிறோம். அந்த மேசையில் இடம் குறைவு. மளிகைக்கடை பில்லைச் சரிபார்க்கும்போது போனில் அம்மா ஒரு கதை சொன்னால் கதையும் பாதி பில்லும் பாதிதான் மண்டையில் ஏறும் இல்லையா, அதே மாதிரி. நகரும் விரலைக் கண்ணால் துரத்துவதற்கு அந்த மேசையில் பாதி இடம் போய்விடுகிறது. மிச்ச இடத்தில் அந்தக் காட்சி முழு வண்ணத்தோடும் சத்தத்தோடும் விரிய முடியாது. அப்படி மங்கலாக விரிந்தபடியே திரும்ப உள்ளே போகிறது. அடுத்த முறை எடுக்கும்போது அதே மங்கலோடு வருகிறது. நெதர்லாந்தில் உத்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நிறையச் சோதித்திருக்கிறார்கள். மனக்கணக்காக எண்களைக் கழித்துக்கொண்டே போவது, சிக்கலான படத்தைப் பார்த்து வரைவது போன்ற வேலைகளும் ஆய்வுக்கூடத்தில் இதே பலனைக் காட்டின. கண்ணில் மந்திரம் எதுவும் இல்லை, மனதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுப்பதுதான் சங்கதி.

தாமிரபரணிக்கு முக்கியமான விஷயம், மங்குவது அந்தக் காட்சியின் கூர்மைதான், நடந்தது என்ற அறிவு அழியாது. அக்கா இறந்துவிட்டாள் என்ற துக்கமும் போகாது, போகவும் கூடாது. இத்தனை நாள் பதற்றம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் சிலருக்கு அழுகை சிகிச்சைக்குப் பிறகுதான் ஒழுங்காக வருகிறது. அப்படி வந்தால் பயப்படாதீர்கள்.

'நான்தான் சீட்டை மாற்றினேன்' என்பதை உங்கள் தெரபிஸ்ட் கட்டாயம் எடுப்பார். அதற்குப் பதிலாக எதை நம்ப விரும்புகிறீர்கள் என்று கேட்பார். 1-லிருந்து 7 வரை அந்த வாக்கியம் எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்றும் கேட்பார். முதல் நாள் 1 அல்லது 2 என்றுதான் சொல்வீர்கள். யாரும் உங்களை வாதாடி ஒப்புக்கொள்ள வைக்கப் போவதில்லை.

வெண்ணிலவன்:

இடையில் ஒரு விஷயம், நம்பிக்கையைக் குலைக்க இல்லை, தெரிந்து போனால் நல்லது என்றுதான். எனக்குத் துறை அனுபவம் கிடையாது, என் மகனுக்காகத் தேடிப் படித்தவன்.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறதா என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் மனக்காயத்துக்கான வழிகாட்டுதலில் சிபிடியோடு (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) சேர்த்து இதையும் பரிந்துரைத்தது. நடந்ததை விரிவாக விவரிக்கத் தேவையில்லை, வீட்டுப்பாடம் இல்லை என்ற வேறுபாட்டையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018-ல் பெரியவர்களுக்கு, போர்க்களப் பணியில் ஏற்படாத மனக்காயங்களுக்கு இதைச் சேர்த்தது. வழக்கமாக 8 முதல் 12 செஷன், பல சம்பவங்கள் இருந்தால் கூடும் என்று போட்டிருக்கிறார்கள்.

சண்டை இருப்பது கண் அசைவில். 2001-ல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கண்ணை அசைக்காமல் செய்தாலும் அதே பலன்தான், ஆகவே வேலை செய்வது நினைவை எதிர்கொள்வதுதான் என்றார்கள். 2013-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த வேறு இருவர், இல்லை, கண் அசைவு கூடுதலாக உதவுகிறது என்றார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வலியில் இருப்பவருக்கு இந்தச் சண்டை முடியும் வரை காத்திருக்க அவசியமில்லை. விரல் உதவியதா, நினைவை ஒருவர் துணையோடு எதிர்கொண்டது உதவியதா என்பது ஆய்வாளர்களின் கவலை. என் மகன் 11 செஷன் முடித்து இப்போது மோட்டார் பைக்கில் பின்னால் உட்கார்கிறான், எனக்கு அது போதும்.

கோவை_சைக்காலஜிஸ்ட்:

வெண்ணிலவன் ஐயா சொன்னது சரியாக இருக்கிறது, நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சியாளர்கள் இலங்கையில் உள்ளூர் ஆலோசகர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் பக்கத்துக்கு இது இப்போது வந்த புது ஃபேஷன் இல்லை.

தாமிரபரணி:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பனங்கூடல் அக்கா, நீங்கள் எழுதிய சைக்கிளை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் நல்ல தெரபிஸ்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யூடியூபில் ஒரு புள்ளி இப்படியும் அப்படியும் ஓடுகிற வீடியோ நிறைய இருக்கிறதே, அதை வைத்து முதலில் நானே செய்து பார்க்கலாமா?

கோவை_சைக்காலஜிஸ்ட்:

தயவுசெய்து வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். வீடியோவில் ஓடும் புள்ளிக்கு, நீங்கள் மூச்சு முட்டி உறைந்துபோனால் தெரியாது. நினைவைத் திறப்பது சுலபம், திறந்ததை அன்றைக்கு மூடி வைத்து உங்களை வீட்டுக்கு அனுப்புவதற்குத்தான் ஆள் வேண்டும். எட்டுக் கட்டத்தில் ஒன்று முழுக்க அதற்காகவே இருக்கிறது.

நேரில் பார்க்கும்போது கேளுங்கள், ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உண்டா, இஎம்டிஆர் அடிப்படைப் பயிற்சியை முழுதாக முடித்தீர்களா, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் கேஸ் பார்த்திருக்கிறீர்களா. கேட்பதில் தப்பே இல்லை, முறையாகப் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே விரலை ஆட்ட ஆரம்பித்தால், உங்கள் வரலாறு எதையும் கேட்காமல் ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடுங்கள். எடுக்கும் மாத்திரைகளைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்போ கண்ணில் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லுங்கள், கையில் மாறி மாறித் தட்டுவதை வைத்தும் செய்யலாம். நடுவில் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்றே தெரியாத மாதிரியோ, உடம்பு தன்னுடையது இல்லாத மாதிரியோ அடிக்கடி ஆகிறது என்றால் அதையும் மறைக்காதீர்கள், தயாரிப்புக்கு அதிக நாள் எடுக்க வேண்டியிருக்கும்.

செஷன் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி வரை போகும். முடிந்ததும் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள், கணவர் கூட வரட்டும். இடையில் ராத்திரி தாங்க முடியாமல் போனால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

பனங்கூடல்:

கை பற்றிச் சொல்ல மறந்துபோனேன். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்து, வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி மாறி மாறி மெதுவாகத் தட்டுவது ஒன்று பழக்கினார்கள். மெக்சிக்கோவில் அகபுல்கோ என்ற ஊரில் புயலுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்காக உண்டானதாம். உங்கள் ஆளிடம் கேளுங்கள், அவர் முதலில் கூட இருந்து காட்டித் தரட்டும். நான் இப்பவும் ஜூலை 1-க்குச் செய்கிறேன், குளியலறையில் இல்லை, பிள்ளைகளோடு வரவேற்பறையில் இருந்து.

தாமிரபரணி:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். யாராவது இந்த இழையைத் தேடி வந்தால் உதவும் என்று.

திருநெல்வேலியிலேயே ஒரு பெண் சைக்காலஜிஸ்ட் கிடைத்தார். முதல் இரண்டு முறை பேச்சும் மூச்சுப் பயிற்சியும்தான். எனக்கு அமைதியான இடம் என்று எதை நினைப்பீர்கள் என்று கேட்டார், குறுக்குத்துறைப் படித்துறை என்றேன். மூன்றாவது முறையிலிருந்து விரல். எதிரே உட்காரவில்லை, நாற்காலியைச் சற்றுப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டார். ரயிலில் போகும்போது ஜன்னலில் மரம் ஓடுவதைப் பார்ப்பீர்கள் இல்லையா, அப்படி வருவதைப் பாருங்கள், இறங்கி ஓட வேண்டாம் என்றார். பஸ் என்று சொல்லாமல் ரயில் என்று சொன்னதற்கே நன்றி சொல்லத் தோன்றியது.

விரல் ஆரம்பித்த முதல் நாள் வேதனை 9 என்று சொன்னேன். நடுவில் அழுதேன், தோள் முறிந்த இடம் உண்மையாகவே வலித்தது, அவர் 'அதைக் கவனியுங்க, நான் இங்கேதான் இருக்கேன்' என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு 7-ல் நின்றது. அந்த வாரம் முழுக்கக் கெட்ட கனவு, போகாமலேயே விட்டிருக்கலாமே என்றுகூட நினைத்தேன். போன செஷனில் 3. என்ன மாறியது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சீட்டை மாற்றிய அந்த நிமிஷம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, ஒரு தடவை விரல் நின்றதும் நான் பாட்டுக்கு, 'அவளுக்கும் ஜன்னல்தான் பிடிக்கும்' என்றேன். உண்மை அது. சின்ன வயதிலிருந்தே ஜன்னலுக்கு எங்களுக்குள் அடிதடி. நான் மாற்றிக்கொள்ளச் சொன்னதும் அவள் சந்தோஷமாகத்தான் உள்ளே போனாள். மூன்று வருஷமாக அவள் முகம் மட்டும் அந்தக் காட்சியில் இல்லாமல் இருந்தது.

பஸ்ஸில் இன்னும் ஏறவில்லை. ஏர் பிரேக் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது, ஆனால் கால் மரப்பதில்லை. நேற்று மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் இரண்டு வாங்கினேன். வெட்டவில்லை. ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பனங்கூடல்:

இருக்கட்டும் தங்கச்சி. வெட்டுகிற அன்றைக்கு எழுதுங்கோ.